கத்தியால் விறகு பிளக்கும்போது அதன் முதுகில் அடிக்க எப்படிப்பட்ட தடி வேண்டும்?

கணப்புக்கு விறகைச் சிராய்களாகப் பிளக்க ஆறு அங்குலக் கத்தி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதன் முதுகில் அடிக்கக் கையில் அகப்பட்ட கட்டையே போதுமா, ரப்பர் சுத்தியல் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரைச் சொல்லவில்லை. கணப்பு என்று எழுதியிருப்பதால், மலையில் புதிதாகக் குடியேறி முதல் உறைபனிக் காலத்தை எதிர்நோக்கியிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியில் நானும் அதே நிலையில்தான் இருந்தேன்.

கோடரி இருக்கக் கத்தி எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருளைக் கட்டையை நான்காகப் பிளக்க நானும் கோடரியைத்தான் எடுக்கிறேன். ஆனால் மணிக்கட்டுப் பருமனுள்ள துண்டை ஒரு கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோடரியை ஓங்கி விரல் பருமனுள்ள சிராய்களாக்க முயல்பவர் தம் விரல்களைப் பணயம் வைக்கிறார். கத்தியோ அடி விழுவதற்கு முன்பே விறகின் தலையில் அமர்ந்திருக்கிறது. அது எங்கே இறங்கும் என்பது அடிப்பதற்கு முன்பே தெரியும்.

அந்த ஆண்டு சனவரியில் அம்மா என்னுடன் தங்கியிருந்தார். விடியற்காலையில் கணப்பு மூட்ட வேண்டியிருந்தது. இணையத்தில் வாங்கிய கத்தியைச் சீகைக் கட்டை (மலையில் விறகாகும் வாட்டில் மரம், சீயக்காய் அல்ல) ஒன்றின் மேல் வைத்து, தாழ்வாரத்தில் பல மாதங்களாகக் காய்ந்து கிடந்த கற்பூர மரக் கிளையால் (சமவெளியில் இதைத் தைலமரம் என்பார்கள்) அடித்தேன். மூன்றாவது அடியில் கிளை நடுவே முறிந்து, அதன் மேல் பாதி பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை உடைத்தது. எடுத்துப் பார்த்தபோது, முறிந்த இடத்தில் கட்டைவிரல் அகலக் கணு ஒன்று கறுத்துப்போய், சுற்றியுள்ள மரத்தோடு ஒட்டாமல், சுண்டினால் உதிர்ந்துவிடும் நிலையில் இருந்தது. அடிப்பதற்கு முன் ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தாலே அது கண்ணில் பட்டிருக்கும்.

அவமானத்தில் இரும்புச் சுத்தியலை எடுத்தேன். அதன்பின் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு, மறுக்கவில்லை. கத்தியின் முதுகில் பள்ளங்கள் விழுந்தன. ஐந்தாறு அடிகளுக்குப் பின் கைப்பிடி தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதற்குள் போயிருந்த இரும்புக் காம்பின் நீளம் ஒன்றரை அங்குலம். மீதி முழுவதும் பசை. விற்றவர்களுக்கு எழுதினேன். கத்தி வெட்டுவதற்கு மட்டுமே, அடிப்பதற்கு அல்ல என்று பதில் வந்தது. அவர்கள் விளம்பரப் படத்தில் அதே கத்தி ஒரு விறகுக் கட்டையில் பாதி இறங்கி நின்றிருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கத்தியில் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை செல்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். செல்லாவிட்டால் நான் கீழே சொல்லும் எந்தத் தடியும் அதைக் காப்பாற்றாது.

மறுநாள் அடுத்த வீட்டு அக்கா தம் தடியைக் கொடுத்தார். தோட்டத்தில் தூரோடு பிடுங்கிய கிழட்டுத் தேயிலைச் செடியின் அடித்தண்டு அது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, பருமன் என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் குறைவு, எடை முக்கால் கிலோ இருக்கும். பிடிக்கும் பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பட்டையைச் சீவி மெலிதாக்கியிருந்தார். அடிக்கும் பக்கம் பட்டையோடு கனமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கரும்புச் சக்கைபோல நார்நாராகக் கிழிந்திருந்தது. அதைக் கண்டு நான் தயங்கியபோது, “என் மவன் ஒரே பக்கமா அடிச்சு வெச்சிருக்கான் தம்பி, நீங்க உருட்டி உருட்டி அடிங்க” என்றார். ஒரே இடத்தில் அடித்தால் அங்கே பள்ளம் விழுந்து கத்தியின் முதுகு அதில் மாட்டிக்கொள்கிறது. அடுத்த அடி கோணலாகிறது.

தேயிலைத் தண்டு நேராகக் கிடைப்பது அரிது. ஒரு முழம் நேராக இருக்கும் துண்டுக்காக நான் பத்துப் பதினைந்து தூர்களைப் புரட்டியிருக்கிறேன். உங்களுக்கு அது கிடைக்காவிட்டால், கொய்யாக் கிளை நல்லது. அதன் நார் இறுக்கமானது, எளிதில் பிளவாது. புளியும் சிறப்பு. முருங்கை வேண்டாம், ஒடியும். மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் கனமில்லை, கத்தி முதுகு பட்ட இடத்தில் நெடுகப் பிளந்து கையைக் கிழிக்கும். தென்னை மட்டை பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு மட்டும் போதும்.

எந்த மரமானாலும், அண்மையில் வெட்டிய, முழுக்கக் காயாத துண்டாகப் பாருங்கள். ஈரம் கனத்தையும் தருகிறது, அதிர்ச்சியைத் தாங்கும் இணக்கத்தையும் தருகிறது. பச்சை மரத்தை வெட்டத் தூண்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது கவாத்தில், அதாவது கிளை கழிக்கும்போது, விழுந்த கிளையை. பிடியிலும் நடுவிலும் கணு இருக்கக் கூடாது. அடிக்கும் நுனியில் சிறு கணு இருந்தால் நான் ஒதுக்குவதில்லை, அந்த இடம் கூடுதலாக உழைக்கிறது.

நீளம் கூடினால் வேகம் கிடைக்கும் என்று நினைத்து முழத்துக்கு மேல் போகாதீர்கள். இது ஓங்கி அடிக்கும் வேலையே அல்ல. கத்தி முழுவதும் உள்ளே இறங்கியபின், விறகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் மீது முழங்கையை மட்டும் அசைத்துத் தட்ட வேண்டும். அந்த முனை இரண்டு அங்குலமாவது வெளியே தெரிய வேண்டுமென்பதால், உங்கள் ஆறு அங்குலக் கத்திக்கு நான்கு அங்குலத்துக்கு மேல் பருமனுள்ள விறகை வைக்காதீர்கள். கைப்பிடியைத் தளர்வாகவும் மட்டமாகவும் பிடியுங்கள்.

ரப்பர் சுத்தியலையும் வாங்கிப் பார்த்தவன்தான் நான். அது துள்ளுகிறது, அடியின் பாதி வலு கைக்கே திரும்பி வருகிறது. ஒரு வாரத்தில் கத்தி முதுகு அதன் முகத்தைத் துண்டு துண்டாகக் கொறித்துவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு மூட்டை சீகை விறகு வாங்கியிருக்கலாம்.