வாசகர் கேள்விகள்: முதிர்ந்த கொடியின் வெள்ளை ஒயின்

கேள்வி: பிரான்ஸில் வேலை பார்க்கும் என் மகன், லுவார் ஆற்றங்கரையிலுள்ள வுவ்ரே என்னும் ஊரில் ஒரு சிறு விவசாயியிடம் வாங்கிய இரண்டு வெள்ளை ஒயின் புட்டிகளைக் கொண்டுவந்திருக்கிறான். ஒன்றில் மட்டும் ‘வியேய் வீஞ்’, அதாவது முதிர்ந்த கொடிகள், என்று அச்சிட்டிருக்கிறது. விலையும் அதற்குத்தான் கூடுதல். கொடியின் வயது நாக்குக்குத் தெரியுமா? எங்கள் ஐயா சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்துக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக் குடிக்கலாமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: எத்தனை வயதான கொடியை ‘முதிர்ந்தது’ என்று அழைக்கலாம் என்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை கிடையாது. நாற்பது வயதுக் கொடிக்கும் எண்பது வயதுக் கொடிக்கும் அதே சொல்லைத்தான் ஒட்டுகிறார்கள். ஆகவே அந்தச் சொல்லுக்காக மட்டும் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சொல்லுக்குப் பின்னால் உண்மை இல்லாமலும் இல்லை. வயதான கொடி குறைவாகவே காய்க்கும். அதன் வேர் ஆழத்தில் இருப்பதால், மழை பொய்த்த ஆண்டிலும் இளங்கொடியைப் போல வாடிவிடாது. விளைச்சல் குறைந்ததும் பலர் அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கொடி நடுவார்கள். பிடுங்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் தம் கையாலேயே கொடி கவாத்து செய்கிற சிறு விவசாயியாகத்தான் இருப்பார். 1860-களில் பிரான்ஸுக்குள் நுழைந்த ஃபிலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி அந்நாட்டுத் தோட்டங்களை அழித்த பிறகு, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பெரும்பாலும் மறுபடி நட்டார்கள் என்பதால், அங்கே ‘பழையது’ என்பதும் ஏறக்குறைய அந்த நாளுக்குப் பிற்பட்டதே.

வுவ்ரேயின் வெள்ளை ஒயின் ஷெனின் என்னும் திராட்சையிலிருந்து வருவது. புளிப்பு மிகுந்தது, அந்தப் புளிப்பின் பலத்திலேயே நல்ல ஆண்டின் புட்டி பல பத்தாண்டுகள் கெடாமல் நிற்கும். இரண்டு புட்டிகளும் ஒரே ஆண்டின் விளைச்சலாக இருந்தால், குளிர்பெட்டியிலிருந்து கால் மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்து, 10 முதல் 12 டிகிரி குளிர்ச்சியில் அருகருகே ஊற்றிப் பாருங்கள். மிகவும் குளிர்ந்திருந்தால் புளிப்பு மட்டுமே தெரியும், மணம் எழாது. மணத்தில் பெரிய வேறுபாட்டைத் தேட வேண்டாம்: ஆப்பிள், தேன், கோடைமழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர், இவை இரண்டிலும் வரலாம். விழுங்கிய பிறகு வாயில் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று எண்ணுங்கள். முதிர்ந்த கொடி தன்னைக் காட்டுவதானால் நடுநாக்கின் கனத்திலும் அந்த நீளத்திலும்தான் காட்டும். எதுவும் தெரியவில்லையென்றால் குறை உங்கள் நாக்கில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஐயாவின் கோப்பைகள் வயிறு அகன்று வாய் குறுகியவையாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு முறை நான் மரப்பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையில் அப்படியே ஊற்றி, ஒயின் கெட்டுவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்; கெட்டிருந்தது ஒயின் அல்ல, கோப்பையில் ஏறியிருந்த அந்துருண்டை வாடை. சோப்பில்லாமல் வெந்நீரில் இருமுறை அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள்.

கேள்வி: இதே போன்ற ஒரு புட்டியைக் குளிர்பெட்டியில் பத்து நாள் வைத்திருந்தேன், அடியில் கற்கண்டுத் தூள் போல ஏதோ படிந்திருக்கிறது. கண்ணாடிச் சில்லா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இல்லை, அம்மா. நம் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமே திராட்சையிலும் இருக்கிறது. அது பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உப்புப் படிகமாக இறங்கும். பெரிய நிறுவனங்கள் புட்டியில் அடைக்குமுன்பே ஒயினைக் கடுங்குளிரில் வைத்து இதை நீக்கிவிடும். சிறு விவசாயிகள் பலர் அப்படிச் செய்வதில்லை. ஐயம் தீராவிட்டால் சிறிது எடுத்து வெந்நீரில் போடுங்கள்: கரைந்தால் உப்பு, கரையாவிட்டால்தான் கண்ணாடி. படிவு கலங்காமல் மெதுவாக ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையைப் புட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நம் ஊர்ச் சமையலோடு இது சேருமா?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: மிளகாய் தூக்கலான கோழி வறுவலோடு சேராது, சாராயச் சத்து காரத்தின் எரிச்சலைக் கூட்டும். காரம் குறைத்த நண்டுக்கு, சற்றே இனிப்புள்ள ‘தெமி செக்’ வகை பொருந்தும். இனிப்பில்லாத ‘செக்’ வகைக்கு, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வெள்ளைப் பணியாரத்தை வையுங்கள். கூட வரும் மிளகாய்ச் சட்னியை மட்டும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.