அடுத்தவர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகும்போது எவ்வளவு சாமான் எடுத்துப் போகலாம்?

நண்பரின் மாமா வள்ளத்தில் முதல் தடவையாகக் கடலுக்குப் போவதாகவும், எத்தனை தூண்டில் ராட், என்னென்ன சாமான் கொண்டுபோகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ராட், தோளில் மாட்டுகிற ஒரு பை. அதற்கு மேல் வேண்டாம்.

அவர் தொழிலுக்குப் போகும்போது உங்களையும் ஏற்றிக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். வாடகை கொடுத்துத் தனிப் படகில் போகிறவர்கள் எத்தனை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. வசதி இல்லாதவன் பேச்சு என்றும் யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டிலும் பரண் நிறைய ராட் கிடக்கிறது.

கரையில் நின்று பார்த்தால் வள்ளம் பெரிதாகத்தான் தெரியும். ஏறிப் பார்த்தால் வலை, நங்கூரக் கயிறு, எண்ணெய்க் கேன், ஐஸ் பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் போக மிச்சம் இருப்பது ஆள் நடக்கிற வழி மட்டும்தான். விருந்தாளியின் பெட்டி அந்த வழியில்தான் போய் உட்காரும்.

தூத்துக்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன் வள்ளத்துக்கு, தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். ஐந்து ராட், லூர் (செயற்கை இரை) வைக்க சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி, கேமரா ஸ்டாண்டு. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை அவர். பத்து பாகம், அதாவது சுமார் அறுபது அடி ஆழத்தில் நங்கூரம் போட்டோம். கொஞ்ச நேரத்தில் காற்று ஏறியது, நீவாடும் (நீரோட்டமும்) மாறியது, நங்கூரத்தைத் தூக்க வேண்டும். அண்ணன் மகன் பின்னால் இருந்து அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்துக்கு ஓடினான். வழியில் சாய்த்து வைத்திருந்த ராட் இரண்டும் சரிந்தன. ஒன்றில் மாட்டியிருந்த லூரின் மூன்று முனை முள் வலையில் போய்ச் சிக்கியது. ஆடுகிற வள்ளத்தில் அதை யார் பொறுமையாக எடுப்பது? வலையை அறுத்துத்தான் எடுத்தார்கள். அந்தப் பையன் காலில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். இவ்வளவுக்கும் அந்த மனிதர் அன்றைக்குப் பிடித்த இரண்டு பாறை மீனும் ஒரே ராடில் வந்தவை. மற்றவற்றின் உறையைக்கூடக் கழற்றவில்லை.

அடுத்த வாரம் அவர் மறுபடி கேட்டபோது, "ஆள் கூடுதலா இருக்கு தம்பி, சொல்லிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார் அண்ணன். என்னை மட்டும் அவரே கூப்பிடுகிறார். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஒரு ராட் உடைந்தால் என்ன செய்வது என்பார்கள். இரண்டாவது ராட் அதற்குத்தான். ஏழடிக்குள், இரண்டாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். நாற்பது பவுண்டு தாங்குகிற பிரெய்டு (பின்னல் நூல்), அதன் நுனியில் கட்ட அறுபது பவுண்டு லீடர் (தடித்த நைலான் நரம்பு), வஞ்சிரமும் ஷீலாவும் பல்லால் அறுத்துவிடும் என்பதால் கொஞ்சம் ஸ்டீல் கம்பி. உள்ளங்கை அளவு டப்பாவில் கொள்கிற ஜிக்கும் (கனமான உலோக இரை) லூரும் போதும். மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். ஒரு குறடு கட்டாயம். இரை, ஐஸ் எல்லாம் மாமாவிடம் இருக்கும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் சாமான் கணக்கில் சேர்க்காதீர்கள், சொந்தமாக ஒன்று போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

அவர் கைத்தூண்டில் போடுகிற பக்கம் நீங்கள் போடக் கூடாது. உங்கள் பிரெய்டு அவருடைய நரம்பில் உரசினால் நரம்பு அறுந்துவிடும், கையில் பட்டால் கையையும் அறுக்கும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வள்ளத்தில் ஏறியதும் சிலர் செல்போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு, வள்ளக்காரர் கூட்டிப்போகிற பார் (மீன் கூடுகிற கடலடிப் பாறை) எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். கரைக்கு வந்ததும் அது நாலு வாட்ஸப் குழுவுக்குப் போய்விடுகிறது. அந்தப் பார் அவருக்கு அப்பா காட்டிக்கொடுத்தது. கரையில் தெரிகிற கோபுரத்தையும் மரத்தையும் அடையாளம் வைத்து, வருஷக்கணக்கில் பழகி மனதில் வைத்திருக்கிற இடம். நம்பி ஏற்றிக்கொண்டவரின் சொத்தை எடுத்து ஊருக்குப் பங்கு வைப்பதற்கு வேறு என்ன பெயர்? "கடல் எல்லோருக்கும் பொது" என்று என்னிடம் வாதம் பண்ணியவர்களும் உண்டு. பொதுதான். அப்படியானால் சொந்தமாகத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

சரி, எப்போது போகிறீர்கள் என்று சொல்லவில்லையே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அவர்கள் நாலு காசு பார்க்கிற நேரம். அந்த நாட்களில் இடம் கேட்காதீர்கள். மற்ற நாளில் போனால் எண்ணெய்ச் செலவில் உங்கள் பங்கை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இறங்கும்போது கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.