பிரவுசரில் வீடியோ ஓடவில்லையா? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய வீடியோக்களை இன்றைய பிரவுசர்களில் ஓடும்படி மாற்றித் தருவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. சேலத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: “உங்கள் ஃபிளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும்” என்று எந்தத் திரை கேட்டாலும் அழுத்தாதீர்கள். ஃபிளாஷ் என்பது பிரவுசரோடு சேர்ந்து வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய பழைய பிளக்-இன், அதாவது கூடுதல் நிரல்.

அம்மாபேட்டை, ஜவுளி வியாபாரி: ஐயா, பழைய வீடியோ ஒன்றைத் திறந்தால் ஃபிளாஷ் பிளேயர் வேண்டும் என்கிறது. எங்கே பதிவிறக்கலாம்?

எங்கும் கிடைக்காது. கிடைப்பதாகச் சொல்லும் இடமெல்லாம் ஆபத்து. ஃபிளாஷை நிறுத்தப் போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. அதே மாதம் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஃபிளாஷுக்கான இடத்தையே நீக்கிவிட்டன. இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் வைரஸ். வீடியோ கோப்பு உங்கள் கையில் இருந்தால் விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். ஃபிளாஷ் காலத்து எஃப்எல்வி வீடியோக் கோப்பு அதில் ஓடும்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை: பட்டறையில் எட்டு கேமரா. படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியின் முகவரியை குரோமில் அடித்தால் “பிளக்-இன் நிறுவவும்” என்று வருகிறது. நிறுவினாலும் படம் வரவில்லை. பெட்டியை மாற்ற வேண்டுமா அண்ணா?

உடனே மாற்ற வேண்டாம். இந்தக் கேள்வி கடைக்கு அடிக்கடி வருவதால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய டிவிஆர் பெட்டிகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பிச் செய்யப்பட்டவை. படத்தைக் காட்டும் வேலையை பிரவுசர் செய்யவில்லை. ஆக்டிவ்எக்ஸ் என்னும் தனி நிரல் பிரவுசருக்குள் புகுந்து செய்தது. குரோம் அந்த நிரலை ஏற்கவே ஏற்காது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

விண்டோஸில் உள்ள எட்ஜ் பிரவுசரில் ஒரு வழி இருக்கிறது. அமைப்புகளில் ‘இயல்புநிலை பிரவுசர்’ பகுதிக்குப் போய், தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறையில் திறக்க அனுமதி கொடுங்கள். டிவிஆர் முகவரியை அங்குள்ள பட்டியலில் சேருங்கள். 30 நாள் கழிந்தால் அந்தப் பதிவு காலாவதியாகும். மறுபடி சேர்க்க வேண்டும். இந்த வசதி குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்குள் பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். சில பெட்டிகள் அதை ஏற்றியதும் பிளக்-இன் இல்லாமலே படம் காட்டுகின்றன.

பிரவுசரே வேண்டாம் என்றால், பெட்டி ஆர்டிஎஸ்பி என்ற வலையமைப்பு முறையில் படம் அனுப்புமானால் விஎல்சியிலேயே நேரடியாகப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் கதவு (போர்ட்) திறந்து வைத்திருந்தால் மூடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது இப்படிப்பட்ட மாற்றாத கடவுச்சொற்கள் வழியாகத்தான். வெள்ளி உருக்கும் இடத்தை வெளியாள் உட்கார்ந்து பார்க்கும் நிலை வரக் கூடாது.

ஆத்தூர்: பிரிண்டரில் கோடு கோடாக வருகிறது.

என் துறை இல்லை. பிரிண்டர் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஓமலூர், திருமண வீடியோ எடுப்பவர்: நான் கொடுக்கும் எம்பி4 கோப்பு சிலருக்கு ஓடுகிறது, சிலருக்குச் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. வேறு சிலர் முழுதும் இறங்கிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்கிறார்கள். எம்பி4தான் எல்லா பிரவுசரிலும் ஓடும் என்றார்களே?

உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது: எம்பி4 என்பது சாக்கு மட்டும்தான். நம் ஊர் ஆலையிலிருந்து வரும் சாக்கைப் பார்த்து உள்ளே ஜவ்வரிசியா, கிழங்கு மாவா என்று சொல்ல முடியாது, பிரித்தால்தான் தெரியும். எம்பி4க்குள் படம் எச்.264 என்ற சுருக்கும் முறையில் (கோடெக்) இருந்தால் இன்று புழக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா பிரவுசரிலும் ஓடும். உங்கள் புதிய கேமராவோ போனோ எச்.265 முறையில் பதிகிறது. கோப்பு சிறிதாக இருக்கும், படம் அழகாக இருக்கும். ஆனால் உரிமக் கட்டணச் சிக்கல்களால் எல்லா பிரவுசரும் அதைத் தாமாகத் திறப்பதில்லை. கணினியின் வன்பொருள் உதவி இருந்தால்தான் பலவற்றில் ஓடும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பிரதியை எச்.264இல், சத்தத்தை ஏஏசி முறையில் ஏற்றிக் கொடுங்கள். அசலை அப்படியே வைத்திருங்கள்.

இரண்டாவது: எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4க்குள் இருக்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. பிரவுசருக்கு அந்த அட்டவணை கிடைத்தால்தான் ஓட்டவே தொடங்க முடியும். அதை முன்னால் நகர்த்திவிட்டால் இறங்க இறங்க ஓடும். வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற பெட்டியில் டிக் செய்தால் இதைச் செய்துவிடும். அட்டவணையை நகர்த்துவதால் படத்தின் தரம் குறையாது; ஆனால் ஹேண்ட்பிரேக் படத்தையும் மறுபடி சுருக்குவதால் தரம் சற்றுக் குறையலாம்.

மேட்டூர்: ஃபிளாஷ் பிளேயரின் பழைய பதிப்பாவது கிடைக்குமா?

அம்மாபேட்டை அன்பருக்குச் சொன்ன பதில்தான். பழைய பதிப்பு இன்னும் ஆபத்து. அதில் உள்ள ஓட்டைகள் ஊரறிந்தவை.

ஏற்காடு, ஓய்வு பெற்ற ஆசிரியை: 2000களில் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்த தமிழ்ப் பாடங்கள் சிடியில் இருக்கின்றன. எல்லாம் எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள். உயிர்மெய் எழுத்தைப் பிள்ளை இழுத்துப் பெட்டியில் போட்டால் மணி அடிக்கும். இதை எம்பி4 ஆக மாற்றித் தர முடியுமா தம்பி?

டீச்சர், உங்கள் கேள்விக்காகவே இவ்வளவு எழுதலாம் என்று தோன்றியது.

எஸ்டபிள்யூஎஃப் என்பது ஃபிளாஷில் ஓடும் கோப்பு; அது வீடியோ இல்லை, ஒரு நிரல். எம்பி4 ஆக்கினால் மணி ஒலிக்கும், எழுத்து நகரும். ஆனால் பிள்ளையின் கைக்கு வேலை இருக்காது. உங்கள் பாடத்தின் உயிரே அந்தக் கை வேலையில்தான் இருக்கிறது. ஆகவே மாற்றாதீர்கள். ஓட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

ரஃபிள் என்ற இலவச மென்பொருள் ஃபிளாஷ் கோப்பைப் படித்து, இன்றைய பிரவுசருக்குள் பிளக்-இன் இல்லாமல் ஓட்டுகிறது. பழைய இணையப் பொருள்களைக் காக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2020 நவம்பரிலிருந்து பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் இதைக் கொண்டுதான் காட்டுகிறது. அந்தக் காலத்து எளிய பாடங்கள் இதில் நன்றாகவே ஓடும். பிற்பாடு வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற ஃபிளாஷ் நிரல்மொழியில் எழுதியவற்றில் சில தடுமாறலாம். சிடியில் இஎக்ஸ்இ கோப்பாகவும் பாடம் இருந்தால், பிளேயர் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். விண்டோஸில் அப்படியே திறந்து பாருங்கள்.

தமிழ் எழுத்தைக் கவனியுங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்திருந்தால் எழுத்து அச்சாகத் தெரியும். பதிக்காமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவை நம்பியிருந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி வரும். அந்தப் பாடங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சிடியை முழுதாக ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுங்கள். வீட்டில் எழுதிய சிடியின் சாயப்படலம் நாள்பட மங்கும். ஏற்காட்டு ஈரத்தில் வைத்திருப்பவர் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பிரதி, இரண்டு வீட்டில்.

கன்னங்குறிச்சி, கணினி அறிவியல் மாணவர்: அண்ணா, பிளக்-இன் ஒழிந்தது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். ஒழியவில்லை. கட்டணப் படங்களைப் பார்க்க வைட்வைன் என்ற மூடிய நிரல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இதுவும் பிளக்-இன்தானே?

சரியான கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி மறுக்கிறேன்.

1995இல் நெட்ஸ்கேப் 2 கொண்டுவந்த பிளக்-இன் முறையில், உள்ளே வந்த நிரல் கணினியில் உங்களுக்கு இருக்கும் அதிகாரம் அத்தனையோடும் ஓடியது. படம் காட்ட வந்தது உங்கள் கோப்புகளையும் தொட முடிந்தது. வைட்வைன் அடைத்த அறைக்குள் ஓடுகிறது. படத்துக்குப் போட்ட திருட்டுத் தடுப்புப் பூட்டைத் திறந்து படத்தைப் பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பொத்தான்கள், திரை, வசன வரிகள் எல்லாம் பிரவுசரின் பொறுப்பு. இது பெரிய வேறுபாடு.

ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் படிக்க முடியாது. புதிதாக பிரவுசர் செய்பவர் அதற்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இந்தப் பூட்டுக்கான இடைமுகத்தை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் தரநிலையாக ஏற்றபோது, எதிர்த்து வந்த, இணைய உரிமைகளுக்காக வாதாடும் இஎஃப்எஃப் அமைப்பு அன்றே டபிள்யூ3சியிலிருந்து விலகியது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

சூரமங்கலம், கேபிள் தொழில்: பூட்டு இல்லாவிட்டால் பணம் போட்டுப் படம் எடுப்பவர் எப்படிப் பிழைப்பார்? மாணவர்கள் பேசுவதற்கு நன்றாக இருக்கும்.

உழைப்புக்குக் கூலி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூட்டு திருட்டைத் தடுத்ததா? திருட்டுப் பிரதி எப்படியும் வெளியே வந்துவிடுகிறது. முறையாகப் பணம் கட்டியவருக்கோ சில கருவிகளில் குறைந்த தெளிவில்தான் படம் வருகிறது.

மறுபடி கன்னங்குறிச்சி: அப்படியானால் ஃபயர்பாக்ஸ் ஏன் ஒப்புக்கொண்டது?

2014 மே மாதம், ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லா மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டது. படம் ஓடாத பிரவுசரை மக்கள் விட்டுவிடுவார்கள் என்ற அச்சம். அமைப்புகளில் அதை அணைத்து வைக்கும் வசதியையாவது கொடுத்தார்கள்.

தம்பி, நீங்களும் சூரமங்கலத்து அன்பரும் புதிய படங்களைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எனக்குக் கவலை இருபது ஆண்டு கழித்துப் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி. எச்.264 முறை எப்படி இயங்குகிறது என்பது 2003 முதல் அச்சிட்ட ஆவணமாக எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. காப்புரிமைக் கட்டணம் இருந்தது, அதை வைத்துப் பெரிய சண்டையும் நடந்தது. ஓபரா என்ற பிரவுசர் நிறுவனம் 2007இல் வீடியோவை பிரவுசரே ஓட்ட வேண்டும் என்று முன்மொழிந்தது; எந்தக் கோடெக் என்பதில் ஒத்துப்போக முடியாமல், 2009இல் கோடெக் பற்றிய பகுதியையே, இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லின் வரைவிலிருந்து நீக்கினார்கள். இன்றுவரை எச்டிஎம்எல் தரநிலை எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை. இருந்தும், ஆவணம் வெளியே இருப்பதால் யார் வேண்டுமானாலும் நாளை ஒரு பிளேயர் எழுதலாம். மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் பிளக்-இன்னை நம்பியவர்களுக்கு 2021 அக்டோபரில் ஆதரவு முடிந்ததும் அடுத்த வழி யார் கொடுத்தார்கள்? ஒரே நிறுவனத்தின் சாவிக்குள் வைத்த பொருள் அந்த நிறுவனத்தோடு போகும். பாடங்கள், கோயில் பதிவுகள், ஊர்க் கூத்து, குடும்ப விழா இவை எதற்கும் பூட்டுப் போடாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

சூரமங்கலம்: கோயில் பதிவுக்குப் பூட்டு வேண்டாம், சரி. என் சினிமாவுக்கு வேண்டும்.

அதில் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன.

வாழப்பாடி: ஃபிளாஷ் பிளேயர் டவுன்லோட் லிங்க் கொடுங்கள்.

இல்லை. தேடவும் வேண்டாம்.

ஏற்காடு, தங்கும் விடுதி: எங்கள் தளத்தில் பக்கோடா பாயிண்ட் காட்சி தானாக ஓட வேண்டும். கணினியில் ஓடுகிறது, போனில் நிற்கிறது.

சத்தத்தை நீக்குங்கள். 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 முதல், சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவை பிரவுசர் பொதுவாகத் தடுக்கிறது, சத்தமில்லாததை விடுகிறது. ஐபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓட ‘பிளேஸ் இன்லைன்’ என்ற குறிப்பையும் வீடியோ குறியில் சேர்க்கச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கோப்பைச் சிறிதாக வையுங்கள்.

சங்ககிரி, தட்டச்சுப் பயிலகம்: விண்டோஸ் 7 கணினிகள் பத்து. யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. பிளக்-இன் காலத்தில் நன்றாக ஓடியதே?

அப்போது உங்கள் கணினி எச்.264ஐப் பிரித்தது; அதற்கு வன்பொருள் உதவி இருந்தது. இப்போது யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 முறைகளில் அனுப்புகிறது. உங்கள் பழைய கணினி அதை வெறும் மூளை உழைப்பால் பிரித்து மூச்சு வாங்குகிறது. எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சியைச் சேர்த்தால் யூடியூப் எச்.264இல் அனுப்பும். படத் தெளிவையும் 480க்குக் குறையுங்கள். விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி; அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் வரவில்லை. அந்தக் கணினிகளில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். முடிந்தால் லினக்ஸ் போடுங்கள். தட்டச்சுப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

சேலம், கோட்டை: ஆடித் திருவிழாவை நேரலை செய்யப் போகிறோம். மென்பொருளில் ஆர்டிஎம்பி என்று இருக்கிறது. அது ஃபிளாஷோடு வந்தது என்கிறார்களே, செய்யலாமா?

தயங்காமல் செய்யுங்கள். ஆர்டிஎம்பி ஃபிளாஷுக்காக உருவானது உண்மைதான். ஆனால் இன்று அது உங்கள் கேமராவிலிருந்து சர்வர் வரை படத்தைக் கொண்டுசேர்க்க மட்டும் பயன்படுகிறது. அங்கிருந்து பார்ப்பவரின் போனுக்குச் சிறு சிறு துண்டுகளாக வேறு முறையில் போகிறது. அதை பிரவுசரே ஓட்டிக்கொள்ளும். துண்டுகள் சேர்ந்து போவதால் சில விநாடியிலிருந்து அரை நிமிடம் வரை தாமதம் இருக்கும், பயப்படாதீர்கள். கூட்டம் கூடினால் போன் சிக்னல் படுத்துவிடும். கம்பி இணைப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். நேரலை நடக்கும்போதே கணினியிலும் ஒரு பிரதி பதிவாகட்டும், எச்.264இல்.