நவ்ரூஸ் 19ஆ, 20ஆ, 21ஆ? மட்டக்களப்பில் ஏது வசந்தம்?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னோடு படிப்பிக்கிற பஹாய் டீச்சர் நவ்ரூஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறா. 19ஆம் திகதி பின்னேரம் வரச் சொன்னா, தேடிப் பார்த்தால் சில இடத்தில் மார்ச் 20, சில இடத்தில் 21 என்று கிடக்கு. வசந்தகாலப் புத்தாண்டாம், இங்கே ஏது வசந்தம்? என்ன கொண்டுபோவது, ஏதும் சடங்கு செய்யச் சொல்வார்களா? அம்மா வேறு பயப்படுகிறா."

திகதிக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை தங்கச்சி. நானும் பஹாய்தான்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய மதம் எங்களுடையது. எங்களுக்குப் பொழுது பட்டால்தான் அடுத்த நாள் தொடங்கும். ஆகவே 19ஆம் திகதி பின்னேரம் என்றால் இந்த முறை நவ்ரூஸ் 20இல் வருகிறது, சூரியன் மறைந்ததும் ஆரம்பம். ஈரானையும் அதைச் சுற்றியுள்ள நாடுகளையும் விட்டால் மற்ற எல்லா இடத்திலும் 2015க்கு முந்தி கண்ணை மூடிக்கொண்டு 21 என்றே வைத்திருந்தோம். 2014 யூலையில் உலக நீதி மன்றம், அதாவது எங்கள் தலைமைச் சபை, எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொண்டுவந்தது: பகலும் இரவும் சமமாகும் அந்தக் கணம் தெஹ்ரானில் பொழுது படுவதற்கு முன் வந்தால் அன்றே நவ்ரூஸ், பின் வந்தால் மறுநாள். 2023இல் 21, 2024இலும் 2025இலும் 20. 2017இல் பழக்கதோஷத்தில் 21க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நவ்ரூஸ் அன்று நான் வேலைக்குப் போய்க் குந்திக்கொண்டிருந்த கதையும் உண்டு. வேலையை நிறுத்த வேண்டிய ஒன்பது புனித நாள்களில் இதுவும் ஒன்று என்பதால் அது இன்னும் உறுத்துகிறது.

சரி, வசந்தம். நல்ல கேள்வி, நானும் நெடுநாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். பனி உருகிப் பூப் பூக்கிற கதையெல்லாம் ஈரானுக்குச் சரி. நமக்கு மார்ச் என்றால் பெரும்போக அறுவடை முடிந்து வயலில் அரிதாள் நிற்கிற, வெயில் ஏறத் தொடங்குகிற மாதம்; முற்றத்து வேம்பு பூத்துக் கொட்டுவதைக் கூட்டி அள்ளுவதுதான் நம் வசந்தம். நம் ஊர் உண்மையாகப் பச்சை பிடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. அவுஸ்திரேலியாவில் இருக்கிற பஹாய்களுக்கோ அந்த நேரம் இலையுதிர்காலமே ஆரம்பித்திருக்கும், அவர்களும் இதே நாளில்தான் கொண்டாடுகிறார்கள். ஆகவே பூவைத் தேடாதீர்கள், சூரியனைப் பாருங்கள்.

கல்லடிக் கடற்கரையில் ஒரே இடத்தில் நின்று வருஷம் முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து எழும், ஆனியில் வடக்கே போய்விடும். நவ்ரூஸை ஒட்டிய காலையில் நேர் கிழக்கே, கடலுக்குள்ளிருந்து எழும். பூமத்திய ரேகைக்கு நேராக நின்று, வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே அளவாக ஒளி கொடுக்கிற நாள் அது. எங்கள் மதத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹா விளக்கம் சொன்னது இதை வைத்துத்தான். கடவுளின் தூதர் ஒருவர் வருவது அந்தச் சூரியன் உதிப்பது போல, யாருக்கும் கூடக் குறைய இல்லை. அவர் வரும்போது மனிதர்களின் உள்ளம் துளிர்க்கிறது, பிறகு கோடைபோல் பலன் தருகிறது, பிறகு மெல்ல மெல்ல உயிர் போய் வெறும் சடங்காகக் குளிர்ந்துவிடுகிறது. அப்புறம் மறுபடி வசந்தம். 1844இல் முன்னோடியாக வந்த பாப், 1863இல் பஹாவுல்லா என்று எங்கள் வரலாறு தொடங்குவதையும் அப்படி வந்த ஒரு புது வசந்தமாகவே பார்க்கிறோம்; கண்ணன், புத்தர், இயேசு, முஹம்மது எல்லாரும் அதே சூரியன் முன்பு உதித்த நாட்கள். சும்மா 'ஒற்றுமை' என்று பேசுவதைவிட எனக்கு இந்தச் சூரியக் கணக்குப் பிடிக்கும்.

நம் சித்திரைப் புத்தாண்டுக்கும் இதற்கும் பழைய உறவு இருக்கிறது. சூரியன் மேஷத்தில் புகும் நேரம்தான் நமக்கும் வருஷப்பிறப்பு. சுமார் 1700 வருஷத்துக்கு முன் இந்த இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் விழுந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால், நட்சத்திரத்தை வைத்துக் கணிக்கிற நம்முடையது இருபத்துநாலு நாள் அளவில் பின்னுக்குப் போய்விட்டது. மருத்துநீர் வைத்து முழுகப் புண்ணிய காலம் பார்க்கிற உங்கள் அம்மாவுக்கு இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

மற்றப் பாதி, இந்தப் புத்தாண்டு நோன்புக்குப் பிறகு வருகிறது என்று சொன்னால் போய்விடும். எங்கள் நாட்காட்டியில் 19 மாதம், மாதத்துக்கு 19 நாள், ஈடுகட்ட நாலோ ஐந்தோ கூடுதல் நாட்கள். கடைசி மாதம் முழுக்க நோன்பு, சூரிய உதயத்திலிருந்து மறையும் வரை தண்ணீர்கூட இல்லை. பதினைந்து வயதிலிருந்து எழுபது வரை உள்ளவர்களுக்கு. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பயணத்தில் இருப்போருக்கு விலக்கு. 2025இல் றமழானும் இதுவும் ஒன்றாக வந்து, காத்தான்குடி நண்பர் ஒருவரும் நானும் பின்னேரம் யாருக்கு முதலில் பசிக்கிறது என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தோம். நோன்பு பிடித்தவர்களுக்கான பெருநாளாகவே பஹாவுல்லா நவ்ரூஸை வைத்தார். 1909 நவ்ரூஸ் அன்றுதான், 1850இல் ஈரானில் சுட்டுக் கொல்லப்பட்டபின் அறுபது வருஷம் போல் மறைத்து வைக்கப்பட்டு இடம் இடமாகக் கொண்டுசெல்லப்பட்ட பாபின் திருவுடலை அப்துல் பஹா இன்றைய இஸ்ரேலில் உள்ள கர்மேல் மலையில் அடக்கம் செய்தார். எங்களுக்கு இந்த நாளில் சந்தோசத்துக்குள் ஒரு கனமும் இருப்பது அதனால்தான்.

சடங்கு ஒன்றும் இல்லை, குருமாரும் இல்லை. யாராவது பிரார்த்தனை வாசிப்பார்கள், பிள்ளைகள் பாடுவார்கள், பிறகு சாப்பாடு. நீங்கள் சும்மா இருந்து கேட்டால் போதும். ஆளை வற்புறுத்தி மதம் மாற்றுவது எங்களுக்குத் தடை. மேசையில் ஏழு பொருள் அடுக்கி வைத்திருந்தால் அது ஈரானிய வழக்கம், மார்க்கக் கட்டளை இல்லை. பழமோ பலகாரமோ கொண்டுபோங்கள். கவரில் காசு வைத்து 'சபைக்கு' என்று கொடுக்காதீர்கள், பஹாய் அல்லாதவர்களிடம் எங்கள் நிதிக்குப் பணம் வாங்குவதில்லை, அவ திருப்பித் தரும்போது இருவருக்கும் சங்கடம். மதுபானமும் வேண்டாம்.

ஆறேகால் அளவில் பொழுது படும், பத்து நிமிஷம் முந்தியே போய்விடுங்கள். அன்று அவவுக்குப் பத்தொன்பதாவது நோன்பு. கடைசி நிமிஷம் வரை குசினியில் நின்றுகொண்டு உங்களுக்குத் தேத்தண்ணி போடவா என்று கேட்பா. சூரியன் போனதும் நீங்கள் எழும்பி அவவுக்கு ஒரு கிளாஸ் தண்ணி வார்த்துக் கொடுங்கள்.