தவாளிப்பு இருக்கு, பக்கம் கீறிப்போச்சு: லொறி ரயரை எப்போது மாற்றுவது?

கேள்வி: நெல் ஏற்றும் லொறி ஒன்று வைத்திருக்கிறேன். காலபோக, சிறுபோக அறுவடைகளில்தான் ஓட்டம். மற்ற மாதங்களில் வளவில் நிற்கும். ரயர்களில் தவாளிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கச்சுவர் முழுக்கக் கீறல். ரயர் கடைக்காரர் இன்னும் இரண்டு போகம் ஓடும் என்கிறார். நம்பலாமா? (பரந்தன்)

பதில்: தவாளிப்பை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். உங்கள் ரயர் ஓடித் தேயவில்லை, நின்று காய்ந்திருக்கிறது. றப்பரில் கலந்துள்ள மெழுகும் ஓசோன் தடுப்புப் பொருளும் ரயர் உருண்டு மடங்கி நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். மாதக்கணக்கில் வன்னி வெயிலில் நிற்கும் ரயருக்கு அந்தக் காப்பு குறைவு.

முதலில் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2317 என்றால், அது 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்த ரயர். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் முழு வரிசையும் இருக்கும். வெளியில் காணாவிட்டால் அடியில் புகுந்து உட்பக்கம் தேடுங்கள். இலக்கம் மூன்றே என்றால் 2000க்கு முந்தியது, பேச்சே வேண்டாம். 5 வருடம் கடந்த ரயரை ஆண்டுக்கொரு முறையாவது கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். 10 வருடமானது எவ்வளவு வடிவாக இருந்தாலும் முன்சில்லுக்கு ஆகாது. பிரித்தானியாவில் 2021 பெப்ரவரி முதல் லொறியின் முன்னச்சில் அதைப் போடுவது சட்டப்படியே தடை.

அடுத்தது கீறலின் ஆழம். ரயரைக் கழுவிக் காயவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் மெல்லிய தகட்டை விட்டுப் பாருங்கள். 1 மில்லிமீற்றர்கூட இறங்காத மயிர்க்கீறல் என்றால் கவனித்துக்கொண்டே ஓடலாம். 1.5 மில்லிமீற்றரைத் தாண்டினால் கழற்றுங்கள். உள்ளிருக்கும் நூலோ கம்பியோ தெரிந்தால், அல்லது எங்காவது புடைத்திருந்தால், அளக்கவே தேவையில்லை, அன்றே கழற்ற வேண்டும். கீறல் இருக்கும் இடமும் முக்கியம். றிம்மை ஒட்டி வட்டமாக ஓடுவதும் தவாளிப்பின் அடியில் ஓடுவதும் பக்கச்சுவரின் நடுவில் இருப்பதைவிட மோசமானவை. தவாளிப்பின் அடிக்கீறலால் மழைத்தண்ணீர் இறங்கினால் உள்ளே உருக்குக் கம்பி துருப்பிடிக்கும், றப்பர் அதை விட்டுப் பிரியும். பாரத்தோடு ஏ9 வீதியில் வேகமாகப் போகும்போது மேல் றப்பர் முழுவதும் உரிந்து பறப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி நிறுத்தும்போது நிழலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சில்லுகளைப் படங்கால் மூடுங்கள். நெல்லை இறக்கிய பிறகே விடுங்கள். மாதமொருமுறை காற்றைச் சரிபார்த்துக் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். பளபளப்புக்காக டீசல் பூசுவது சிலரின் வழக்கம். டீசல் றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

கேள்வி: இரண்டு புது ரயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னுக்கு இருக்கும் பழசைப் பின்னுக்குப் போடலாமா? (மாங்குளம்)

பதில்: புதியவை இரண்டும் முன்னுக்கே. முன்சில்லு வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். பின்னுக்கு இரட்டைச் சில்லில் பக்கத்துச் சில்லு கொஞ்ச நேரமாவது தாங்கும். பழசைப் பின்னுக்கு மாற்றுவதானால் அது மேலே சொன்ன கீறல் சோதனையில் தேற வேண்டும், சோடியும் பொருந்த வேண்டும். ரயரைச் சுற்றி நூல் பிடித்து அளந்து பாருங்கள். 8.25-20 வரையான அளவுகளில் இரண்டின் சுற்றளவு வித்தியாசம் 19 மில்லிமீற்றரையும், 9.00-20இலும் அதற்கு மேலும் 38 மில்லிமீற்றரையும் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரியது பாரத்தைத் தூக்கிச் சூடேறும், சின்னது ரோட்டில் இழுபட்டுத் தேயும். ரேடியல் ரயரையும் நைலோன் ரயரையும் ஒரே அச்சில் கலக்க வேண்டாம்.

கேள்வி: கீறிய ரயரை ரீபில்ட் பண்ணினால் என்ன? (ஒட்டுசுட்டான்)

பதில்: பண்ணக்கூடாது. புது றப்பர் மேலே மட்டும்தான் ஏறும், பக்கச்சுவரின் வயது குறையாது. ரீபில்ட் வாங்கும்போதும் அடிரயரின் பழைய திகதியையே பாருங்கள். கறுப்புப் பூச்சு தடித்திருந்தால் துணியில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள், மறைத்த கீறல் வெளியே வரும்.

கேள்வி: புது ரயர் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்? (புதுக்குடியிருப்பு)

பதில்: றிம்மில் ஏற்றுவதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். கடைக்குள் இரண்டு வருடம் கிடந்ததால் மட்டும் ரயர் கெட்டுப்போகாது. ஆனால் வெயில் படும் வாசலில் அடுக்கிவைத்ததை எடுக்காதீர்கள், பழைய இருப்பென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ரியூப் போடும் ரயரென்றால் ரியூப்பும், ரியூப்புக்கும் றிம்முக்கும் இடையில் வைக்கும் பிளாப் என்ற றப்பர் பட்டியும் புதிதாகவே போட வேண்டும். பழைய ரியூப் நீண்டிருக்கும், புது ரயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே அறுந்துவிடும். ரயரின் அளவு, கம்பனி, நான்கு இலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் அல்லது பிறகு பிரச்சினை வந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். கையில் பற்றுச்சீட்டு இருந்தால் முறைப்பாட்டுக்குப் பலம் கூடும்.