66ஏ-வில் வழக்கு என்று மிரட்டினால்

தெருச் சாக்கடை பற்றி முகநூலில் எழுதியதற்கு, "66ஏ-வில் உள்ளே தள்ளிடுவேன்" என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாகச் சொல்கிறீர்கள். பயப்படாதீர்கள், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கலாம் என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு செத்து வருஷக்கணக்காகிறது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அப்புறமும் போலீஸ் பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டே இருந்ததால், யார்மீதும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

போனில் கூப்பிட்டார்கள் என்று ஓடாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். எஃப்ஐஆர் போட்டிருந்தால் நகல் வாங்கிப் பாருங்கள். பகை மூட்டினார் என்பது மாதிரி வேறு பிரிவு ஏதும் சேர்த்திருந்தால் வக்கீலோடு மட்டும் போங்கள். பதிவை அழிக்க வேண்டாம், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரி, சாக்கடையை அள்ளினார்களா? அதைச் சொல்லவே இல்லையே.