வெயிலுக்குப் பஞ்சமில்லை, மாலைக்கு மின்சாரமில்லை: கியூபாவின் சூரிய மின்சாரம் பற்றி வாசகர் கேள்விகள்

2024 அக்டோபர் 18 அன்று மத்தான்சாஸ் நகரிலுள்ள அந்தோனியோ கித்தெராஸ் அனல்மின் நிலையம் திடீரென நின்றுபோனதால் கியூபா முழுவதும், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள், ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியதையும், அதன் பிறகு அந்நாடு சூரிய மின் பூங்காக்களை விரைந்து அமைக்கத் தொடங்கியதையும் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஒரு தீவு மின்சாரம் இல்லாமல் தவிப்பது வியப்பாக இருக்கிறது. அங்கே கிடைக்கும் சூரிய ஆற்றல் உண்மையிலேயே நாட்டின் தேவைக்குப் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போதும், போதுமான அளவைவிடப் பன்மடங்கு அதிகமாகவே இருக்கிறது. கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே நீண்டு கிடக்கும் கியூபாவில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையிலான வேறுபாடும் ஐரோப்பிய நாடுகளில் இருப்பதுபோலப் பெரிதன்று. இன்றைய சூரியத் தகடுகள் (சோலார் பேனல்கள்) அந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றுகின்றன என்று வைத்துக்கொண்டால், இழப்புகள் போக, ஒரு சதுர மீட்டர் தகட்டிலிருந்து நாளொன்றுக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்கலாம்.

சீனாவின் உதவியுடன் 2028-க்குள் 92 பூங்காக்களில் ஏறத்தாழ 2000 மெகாவாட் திறனை நிறுவுவது கியூப அரசின் திட்டம். அவ்வளவு திறனும் நிறுவப்பட்டால் நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வெயிலே தந்துவிடும் என்பது என் கணக்கு. அதற்குத் தேவைப்படும் நிலம் இருபது முப்பது சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். தீவின் மொத்தப் பரப்போ ஏறத்தாழ 1,10,000 சதுர கிலோமீட்டர். ஆகவே வெயிலும் நிலமும் அங்கே தடையல்ல. தகடு, மின்கலம், கம்பி, உதிரிப்பாகம் ஆகியவற்றை வாங்குவதற்கான அந்நியச் செலாவணிதான் தடை. எரிபொருள் வாங்கவும் அதே பணம்தான் இல்லை என்பதால் இந்த முடிச்சு இரட்டை முடிச்சாக இறுகிக் கிடக்கிறது.

கேள்வி: கியூபாவிலேயே சோலார் பேனல் தயாரிக்கும் தொழிற்சாலை இருப்பதாகப் படித்தேன். அது உண்மையான தயாரிப்பா, அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை ஒட்டித் தருவது மட்டும்தானா?
– பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தீவின் மேற்குக் கோடியில், புகையிலைக்குப் பெயர்போன பினார் டெல் ரியோ மாகாணத்தில், எர்னெஸ்டோ சே குவேராவின் பெயரைத் தாங்கிய மின்னணுப் பாகங்கள் தொழிற்சாலை இருக்கிறது. மின்னணுப் பாகங்கள் செய்வதற்காக அமைக்கப்பட்ட அந்த ஆலை, சோவியத் ஒன்றியம் குலைந்த பிறகு சந்தையையும் மூலப்பொருளையும் ஒருசேர இழந்து நின்றது. பின்னர் அதே கட்டடமும் அதே தொழிலாளர் கைத்திறனும் சூரியத் தகடுகளைப் பொருத்தும் வேலைக்குத் திருப்பப்பட்டன. 2013-இல் சியன்ஃபுவேகோஸ் நகருக்கு அருகே, கந்தர்ரானாவில், 2.6 மெகாவாட் திறனுடன் நாட்டின் முதல் சூரிய மின் பூங்கா எழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த தொடக்ககாலப் பூங்காக்களுக்கு இந்த ஆலையின் தகடுகள் பயன்பட்டன.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், அது பொருத்தும் ஆலைதான் என்பது. ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் செல்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றை ஈயம் பூசிய செம்புப் பட்டைகளால் வரிசையாகப் பற்றவைத்து, மேலே கடினக் கண்ணாடியும் கீழே பாதுகாப்புத் தாளும் இடையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்களுமாக அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் அழுத்தி ஒட்டுகிறார்கள். பிறகு அலுமினியச் சட்டமும் மின் இணைப்புப் பெட்டியும் பொருத்தி, செயற்கை ஒளியைப் பாய்ச்சி ஒவ்வொரு தகட்டின் திறனையும் அளக்கிறார்கள்.

ஆனால் ‘மட்டும்தானா’ என்ற உங்கள் சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஒரு பற்றவைப்பில் நேர்ந்த சிறு பிழை ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் சூடேறி அந்தத் தகட்டையே கருக்கிவிடும். ஒட்டும் தாளில் புகுந்த ஈரம் கடலோரக் காற்றில் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இவற்றை அறிந்த தொழிலாளர்கள் ஒரு நாட்டில் இருப்பது, வாங்கிய தகடு பழுதானால் அதைச் சோதித்துக் காரணம் சொல்ல ஆளிருக்கிறது என்பதற்குச் சமம். மின்தகட்டின் விலையில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போனாலும் இந்த அறிவு உள்ளூரில் தங்குகிறது. அந்த ஆலையை மூடிவிட்டு முழுத்தகடாகவே இறக்குமதி செய்வது மலிவு என்று வாதிடுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மணலிலிருந்துதானே சிலிக்கான் எடுக்கிறார்கள்? அப்படியானால் மணலும் வெயிலும் உள்ள நாடு முழுத் தகட்டையும் தானே செய்துகொள்ளலாமே?
– வாசகர், விருதுநகர்

பதில்: சிலிக்கானை மணலிலிருந்து, சரியாகச் சொன்னால் தூய குவார்ட்ஸிலிருந்து, பிரித்தெடுப்பது முதல் படி மட்டுமே. அதற்கே மின்வில் உலை வேண்டும். அதன்பின் அதை வாயு நிலைக்கு மாற்றி, மிக உயர்ந்த தூய்மைக்குக் கொண்டுவந்து, பாலிசிலிக்கானாகப் படிய வைக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்துக்கே கிலோ ஒன்றுக்கு ஐம்பது அறுபது யூனிட் மின்சாரம் செலவாகிறது. அடுத்து 1414 பாகையில் உருக்கி, ஒரே படிகமாக மெல்ல மெல்ல மேலே இழுத்து, மயிரிழை போன்ற மெல்லிய வில்லைகளாக அறுத்து, அவற்றைச் செல்களாக மாற்ற வேண்டும். படிகம் இழுபட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சில நிமிடங்கள் நின்றாலும் உலையிலிருப்பது கெட்டுப்போகும்.

நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவும் நாட்டில் இந்தத் தொழிலைத் தொடங்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். இன்னொரு காரணம் அளவு. இத்தொழிலின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. அங்குள்ள ஒரு பெரிய ஆலை சில மாதங்களில் செய்து தள்ளும் செல்களே கியூபாவின் மொத்தத் திட்டத்துக்கும் போதும். அந்த விலையோடு ஒரு சிறு தீவு போட்டியிடுவது இயலாத காரியம்.

கேள்வி: 2025 முழுவதும் பூங்கா பூங்காவாகத் திறந்தார்கள். இருந்தும் மின்வெட்டு தொடர்வதாகவே செய்திகள் வருகின்றன. சூரிய மின்சாரம் தோற்றுவிட்டதா?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு

பதில்: இல்லை. ஆனால் அது எந்த வேலையைச் செய்யும், எந்த வேலையைச் செய்யாது என்பதை மக்களுக்குச் சரியாக விளக்காமல் விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

2025 பிப்ரவரியிலிருந்து தலா 21.8 மெகாவாட் திறனுள்ள பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்தொகுப்பில் இணைக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய பூங்கா ஒன்று நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூனிட் தரும். அதே மின்சாரத்தை எண்ணெய் எரித்து எடுப்பதானால் நாளொன்றுக்கு இருபத்தைந்து டன் அளவுக்கு எரியெண்ணெய் தேவைப்படும். எண்ணெய்க் கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்டுக்கு இது சிறிய உதவியன்று. பகல்நேரப் பற்றாக்குறை இதனால் கண்கூடாகக் குறைகிறது.

ஆனால் கியூபாவின் மின்தேவை உச்சத்தைத் தொடுவது பகலில் அல்ல. வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பி, விளக்கும் மின்விசிறியும் சமையலுக்கான மின்கருவிகளும் ஒருசேர இயங்கும் மாலை நேரத்தில்தான். அந்த உச்சம் 3000 மெகாவாட்டைத் தாண்டுகிறது; 2025-இல் அந்த நேரத்துப் பற்றாக்குறை 1700 மெகாவாட்டுக்கு மேல் போன நாட்கள் பல. அப்போது வெயில் மறைந்திருக்கும். மின்கலம் இல்லாத பூங்கா ஆயிரம் இருந்தாலும் மாலை ஏழு மணிக்கு ஒரு விளக்கைக்கூட ஏற்றாது. அந்த நேரத்துச் சுமையைத் தாங்க வேண்டிய அனல்மின் நிலையங்களோ பெரும்பாலும் முப்பது நாற்பது ஆண்டுகள் பழையவை. கந்தகம் மிகுந்த உள்நாட்டுக் கச்சா எண்ணெயை எரிப்பதால் கொதிகலன்கள் விரைவில் அரிக்கின்றன, அடைத்துக்கொள்கின்றன. பராமரிப்புக்காக நிறுத்திவைக்க முடியாத நெருக்கடியில் அவற்றை ஓட்டி ஓட்டியே மேலும் கெடுக்கிறார்கள்.

நீங்கள் மின்வாரியத்தில் பணியாற்றியவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அண்டை நாட்டு மின்தொகுப்போடு இணைப்பில்லாத தீவுத் தொகுப்பில், ஒரு மேகக்கூட்டம் கடந்தாலே அதிர்வெண், அதாவது மாறுமின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு, நிலைகொள்ளாமல் ஆடும். பெரிய நிலையம் ஒன்று நின்றால் மற்றவையும் தொடர்ச்சியாக விழும். அதனால்தான் கோத்தோர்ரோ, குவேத்தோ, பயாமோ உள்ளிட்ட நான்கு துணைமின் நிலையங்களில் தலா 50 மெகாவாட் மின்கலத் தொகுதிகளை அமைக்கும் பணியைக் கையில் எடுத்தார்கள். 200 மெகாவாட் மின்கலம் அதிர்வெண்ணை நிலைப்படுத்த உதவும்; மாலை முழுவதையும் தாங்காது. என்னைக் கேட்டால், இனி வரும் பணத்தைப் புதிய தகடுகளில் போடுவதைவிட மின்கலங்களிலும், இருக்கும் அனல்மின் நிலையங்களில் நல்லவை சிலவற்றை முறையாகப் பழுதுபார்ப்பதிலும் போடுவதே அறிவுடைமை. பகலில் பூங்காக்கள் சுமையைத் தாங்கினால் அந்தப் பழுதுபார்ப்புக்கான இடைவெளியும் கிடைக்கும்.

கேள்வி: ஆண்டுதோறும் சூறாவளி தாக்கும் இடத்தில் கண்ணாடித் தகடுகளை விரித்து வைப்பது பாதுகாப்பா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடற்கரையில் வாழும் உங்களிடமிருந்து இக்கேள்வி வருவது இயல்பே. 2017-இல் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது உமக்காவோ பூங்காவில் தகடுகள் பெருமளவில் பெயர்ந்து நொறுங்கின. அதே தீவில் வேறு சில பூங்காக்கள் சிறு சேதத்துடன் தப்பின. வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் தகடு அல்ல, அதைப் பிடித்திருக்கும் பொருத்து. விளிம்பில் கவ்வும் பிடிகளுக்குப் பதிலாகத் துளையிட்டுத் திருகாணி முடுக்குவது, சாய்வைக் குறைவாக வைப்பது, சூறாவளிப் பருவத்துக்கு முன் ஒவ்வொரு திருகாணியின் இறுக்கத்தையும் சோதிப்பது ஆகியவை செலவில் சிறியவை, பலனில் பெரியவை. 2022 செப்டம்பர் 27 அன்று இயன் சூறாவளி பினார் டெல் ரியோவைத் தாக்கியபோது நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே இடத்தில் குவிக்காமல் தீவெங்கும் சிறு சிறு பூங்காக்களாகப் பரப்பியது இந்த வகையில் நல்ல முடிவு.

கேள்வி: கரீபியனில் உள்ளூர்த் தயாரிப்பு வெற்றி பெற்ற நாடு வேறு உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: மின்தகட்டில் அல்ல, சூரிய வெந்நீர்க் கலனில் உண்டு. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1974-இல் பார்படாஸ் அரசு சூரிய வெந்நீர்க் கலன் செய்வதற்கான மூலப்பொருள்களுக்கு வரிவிலக்கு அளித்து, மின்சார வெந்நீர்க் கலன்களுக்கு வரியைக் கூட்டியது. பின்னர் அதை வாங்கும் வீட்டாருக்கும் வருமான வரிச் சலுகை தந்தது. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலன்கள் கூரைகளில் இருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செய்யப்பட்டவை. செம்புக் குழாய், தகடு, கண்ணாடி, தொட்டி என ஒரு சிறு பட்டறைக்குக் கைவரும் பொருளைத் தேர்ந்ததும், ஆட்சி மாறியும் கொள்கை மாறாததுமே வெற்றிக்குக் காரணங்கள்.

ஹைத்தியில் 2007-இல் தொடங்கிய எனர்சா நிறுவனம், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் ஏழ்மை மிகுந்த குடியிருப்பான சித்தே சொலேயின் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்துத் தகடுகளையும் சூரியத் தெருவிளக்குகளையும் செய்தது. 2010 ஜனவரி நிலநடுக்கம் அந்த ஆலையைச் சேதப்படுத்தியது. நிலையான அரசும் கடனுதவியும் இல்லாத நாட்டில் ஒரு நல்ல பட்டறை எவ்வளவு தூரம் தனித்து நடக்க முடியும் என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

கேள்வி: மின்தொகுப்பே எட்டாத மலைக் கிராமங்களின் நிலை என்ன? கியூபாவில் தனி மனிதர்கள் தங்கள் வீட்டுக்குத் தகடு வாங்க முடியுமா?
– ஆசிரியை, நீலகிரி

பதில்: மலைக் கிராமங்களில் கியூபா செய்த பணி நெடுங்காலத்தது, பலரும் அறியாதது. 1994-இல் உருவான கியூபாசோலார் என்ற தன்னார்வச் சங்கமும் அரசு அமைப்புகளும் சேர்ந்து தொலைதூர மருத்துவர் குடில்களுக்கு மின்தகடு பொருத்தின. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி, மின்கம்பி போகாத 2000-க்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகளில் தகடு, மின்கலம், தொலைக்காட்சி ஆகியவற்றை அமைத்தார்கள். ஒன்றிரண்டு மாணவர்களே படித்த பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். நாடே வறுமையில் இருந்த காலத்தில் ஒரு குழந்தைக்காகவும் ஒரு தகடு மலையேறியது என்பது நான் மிகவும் மதிக்கும் செயல். அங்கும் தகடுகள் நிலைத்தன, மின்கலங்கள்தாம் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டியவை ஆயின.

தனி மனிதர்களைப் பொறுத்தவரை, வணிக நோக்கமின்றிச் சூரிய மின்கருவிகளைக் கொண்டுவருவோருக்கு 2021-இல் சுங்கவரி விலக்கு அளிக்கப்பட்டது. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இது பயன்பட்டது. அப்படி யாருமில்லாத குடும்பத்துக்கு ஒரு தகட்டின் விலை பல மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகை. ஆகவே சீனாவிலிருந்து நன்கொடையாக வந்த 2 கிலோவாட் அமைப்புகளை, மின்தொகுப்பு எட்டாத வீடுகளுக்கு 2025-இல் கொடுக்கத் தொடங்கியது சரியான திசையில் எடுத்து வைத்த அடி. நாளொன்றுக்கு எட்டு யூனிட் தரக்கூடிய அத்தகைய அமைப்பு, உடன் மின்கலமும் இருந்தால், ஒரு குடும்பத்தின் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்குப் போதும்.